உயிரோடிருந்த பெட்டியும் 112ஆம் இலக்கப் பிழையும்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் என் பெரியம்மாவின் மகன் ஒரு சிறிய அச்சகம் நடத்துகிறார். அங்கே ஒரு மூலையில், கோப்புகளைச் சேமித்துவைத்து மற்றக் கணினிகளுக்குக் கொடுக்கும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. பதினான்கு வருடத்துக் கலியாணக் கார்டுகள், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ்கள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள் எனும் நினைவு மலர்கள் எல்லாம் அதற்குள்தான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாதிருந்தபோதும் அது தாக்குப்பிடித்தது. அண்மையில் ஓர் இடிமழை இரவில் செத்துப்போனது அதனோடு பேசிக்கொண்டிருந்த விண்டோஸ் 7 கணினிதான்.

முன் மேசையில் வாடிக்கையாளருக்குப் பழைய கார்டுகளைக் காட்டுவதுதான் அந்தக் கணினியின் வேலை. அதற்காக இன்னொரு விண்டோஸ் உரிமம் வாங்க அண்ணாவுக்கு மனமில்லை. நான் உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். பெட்டியை இணைப்பது, லினக்ஸ் பாஷையில் 'மவுண்ட்' செய்வது, பத்து நிமிட வேலை என்று வாயையும் விட்டேன். இரண்டு சனிக்கிழமைகள் போயின.

முதல் பிழை சின்னது. கோப்பு முறைமையின் வகை தவறு, சூப்பர்பிளாக் கெட்டுவிட்டது என்றெல்லாம் பயமுறுத்தியது. உண்மையில் இப்படியான பெட்டிகளை இணைக்க உதவும் சிஐஎஃப்எஸ்-யூடில்ஸ் என்ற மென்பொருள் பொதி நிறுவப்படவில்லை, அவ்வளவுதான். நிறுவினேன். அடுத்து வந்தது இது: 'மவுண்ட் எரர் 112: ஹோஸ்ட் இஸ் டவுன்'.

"என்ன தம்பி?"

"மவுண்ட் ஆகவில்லை அண்ணா."

"மவுண்ட் லவினியாவுக்கா?" என்று கொழும்புக் கடற்கரைப் பக்கத்தை நினைத்துக் கேட்டுவிட்டுத் தேநீர் சொல்லப் போனார்.

பெட்டி விழுந்துவிட்டது என்கிறது செய்தி. பெட்டியோ என் முழங்காலுக்கு அருகில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. பிங் செய்தால், அதாவது இருக்கிறாயா என்று கேட்டால், பதில் வந்தது. கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் போர்ட் திறந்திருந்தது. கேபிளை மாற்றினேன், ரவுட்டரை அணைத்துப் போட்டேன், ஐபி முகவரியை நிலையாக்கினேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல், விழாத ஒன்றைத் தூக்கி நிறுத்தப் பாடுபட்டேன். பிழைச் செய்தி எழுதுகிறவர்கள் மீது எனக்கு நெடுநாள் கோபம் உண்டு; அன்றைக்கு அது பழுத்துவிட்டது.

கடைசியில்தான் டிமெசெக் கட்டளையை அடித்து, லினக்ஸின் மையப்பகுதியான கர்னலின் பதிவைப் பார்த்தேன். முதலில் பார்த்திருக்க வேண்டியது. அங்கே நீளமாக எழுதியிருந்தது: எஸ்எம்பி எனும் கோப்புப் பகிர்வு மொழியில் நீ பதிப்பு எதையும் குறிப்பிடவில்லை, இயல்பான பதிப்பு எஸ்எம்பி 2.1 அல்லது அதற்கு மேல் என்று மாறிவிட்டது, பழைய சேவையகம் என்றால் 'வெர்ஸ்=1.0' என்று கொடு.

கதை இதுதான். எங்கள் பெட்டிக்குத் தெரிந்தது எஸ்எம்பியின் முதல் பதிப்பு மட்டும். 2017 மே மாதத்தில் வானாகிரை என்ற பணயத் தீநிரல் உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பதிப்பைக் கையாளும் விண்டோஸ் நிரலில் இருந்த ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே அதை அடைத்திருந்தது. பலர் திருத்தத்தைப் போடவில்லை. அந்த வருடம் செப்டெம்பரில் வந்த லினக்ஸ் 4.13 கர்னல் முதற்பதிப்பை இயல்பு நிலையிலிருந்து விலக்கியது. 2019இல், லினக்ஸில் எஸ்எம்பி பேசும் மென்பொருளான சம்பாவின் 4.11ஆம் பதிப்பும் அதையே செய்தது. கோப்பு மேலாளரில் சொடுக்கிப் பார்த்தபோதும் பெட்டி திறக்காததன் காரணம் இதுதான். புதிய கர்னல் புதிய பதிப்பில் வணக்கம் சொல்கிறது. கிழட்டுப் பெட்டிக்கு அது புரியாததால் பேசாமல் இணைப்பைத் துண்டிக்கிறது. அந்த மௌனத்தைத்தான் கர்னல் மரணம் என்று அறிவிக்கிறது.

'வெர்ஸ்=1.0' கொடுத்ததும் 112 போய்விட்டது. பிறகு கடவுச்சொல் தகராறு. அண்ணா வைத்திருந்த கடவுச்சொல்லின் நடுவே ஒரு காற்புள்ளி. கட்டளையில் விருப்பத்தேர்வுகளைப் பிரிப்பதும் காற்புள்ளிதான் என்பதால் சொல் பாதியில் அறுந்தது. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தனிக் கோப்பில் எழுதி, உரிமையாளர் மட்டும் படிக்கும்படி அதன் அனுமதியை 600 ஆக்கி, அந்தக் கோப்பைக் காட்டினேன். இணைந்தது. கோப்புகள் தெரிந்தன, ஆனால் எழுத முடியவில்லை. எல்லாமே நிர்வாகிக் கணக்கான ரூட் பெயரில் இருந்தன. அவற்றைச் சாதாரணப் பயனர் பெயருக்கு மாற்றும் 'யுஐடி=1000', 'ஜிஐடி=1000' சேர்த்ததும் அதுவும் தீர்ந்தது. கணினி எழும்பும்போது தானாக இணைக்க வேண்டியவற்றின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் வரியை எழுதிவிட்டு, பெருமையோடு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்குத் தொலைபேசி. "தம்பி, கறுப்புத் திரையில் ஏதோ இங்கிலிஷ் வருகிறது." பிரதான ஆளியைப் போட்டதும் கணினி எழும்பிவிடுகிறது, பெட்டி எழும்ப இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. கணினி அதற்காகக் காத்துக்கொண்டு நின்றிருந்தது. அச்சகத்தில் வேலை செய்யும் பையனைக் கொண்டு அந்த வரியின் தொடக்கத்தில் ஒரு ஹாஷ் குறி போட வைத்து, கணினி அதைக் கண்டுகொள்ளாதபடி செய்து அன்றைய நாளை ஓட்டினோம். அடுத்த சனிக்கிழமை போய் ஹாஷை எடுத்துவிட்டு, இணையாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லும் 'நோஃபெயில்' என்பதையும், யாராவது கோப்புறையைத் திறக்கும்போதுதான் இணைக்கச் சொல்லும் 'எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்' என்பதையும் சேர்த்தேன். இப்போது பெட்டி வராவிட்டாலும் கணினி எழும்புகிறது.

அத்தோடு விட்டிருக்கலாம். 'பொங்கல் வாழ்த்து' என்ற கோப்புறையை மட்டும் முன் மேசையில் தனியாகக் காட்ட வேண்டும் என்றார் அண்ணா. வந்தது பிழை 2: அப்படியொரு கோப்புறை இல்லை. பெயரின் நடுவில் இடைவெளி இருக்கிறதே என்று நினைத்தேன். எஃப்எஸ்டேப்பில் இடைவெளிக்குப் பதிலாகப் பின்சாய்கோடும் 040உம் எழுத வேண்டும், எழுதினேன். மறுபடியும் இல்லை. முழுப் பகிர்வையும் பட்டியலிட்டால் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அதுவும் ஒன்றல்ல, ஒரே பெயரில் இரண்டு!

"அது எப்போதும் அப்படித்தான். ஒன்றில் இல்லாவிட்டால் மற்றதைத் திறந்து பார்க்க வேண்டும்" என்றார் அண்ணா, வழமைபோல.

பெயர்களை பைட் பைட்டாக எடுத்துப் பார்த்தபோது விளங்கியது. யூனிகோடில் 'பொ'வின் ஒகரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியீடாகவும், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டு குறியீடுகளாகவும். திரையில் வித்தியாசமே தெரியாது. லினக்ஸோ பைட்களைத்தான் ஒப்பிடும். அச்சகத்தில் முன்பு தட்டச்சு செய்தவரின் விசைப்பலகை ஒரு விதம், இப்போதிருக்கும் பையனுடையது இன்னொரு விதம். என் தட்டச்சு மூன்றாவது விதம்: முதல் சொல்லின் பின்னால் இரண்டு இடைவெளிகள். அதைப் பழைய பெயர்களில் கண்டுபிடித்தேன் என்று சொல்ல ஆசைதான். என் வரியில்தான் இருந்தது. பெயரைத் தட்டாமல் பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டினேன், இணைந்தது. பிறகு இரண்டு கோப்புறைகளையும் ஒன்றாக்கினேன்.

முதற்பதிப்பு பேசும் பெட்டியை அப்படியே விட்டுவைக்க எனக்குத் துணிவில்லை. ரவுட்டரில் அதற்கு இணையம் செல்லும் வழியை மூடிவிட்டேன். கடை பூட்டிய பிறகு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் ஒவ்வொரு வருடமாகப் புதிய டிஸ்க்குக்கு நகலெடுத்துக்கொண்டிருக்கிறது. நேற்று இரவு 2016 முடிந்தது.