ஆண்பூ

எங்களுக்கு விவசாயம் படிப்பித்த சேர் போன மாசியில் காலமானதும் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க்குழுவில் எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்களாம், "ஆண்பூவைக் கேளுங்கோ, அவன் எழுதுவான்" என்று. ஐம்பது வருடமாகியும் அந்தப் பெயர் போகவில்லை. கனடாவில், ஸ்காபரோவில் நடக்கும் ஒன்றுகூடல்களில் மனைவி பக்கத்தில் இருக்கும்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சரி, பெயர் வந்த கதையை நானே எழுதிவிடுகிறேன். வேறு யாரும் எழுதினால் இன்னும் கூட்டிச் சேர்த்து எழுதுவார்கள்.

1975. இலங்கையில் அப்போது கொண்டுவந்த என்.சி.ஜி.ஈ. என்ற புதுப் பள்ளிப் பரீட்சையின் முதல் பலியாடுகள் நாங்கள். எங்களுக்குத் தொழில்முன்னிலைப் பாடம் விவசாயம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்து, ஊர் விளைச்சலுக்கு நல்ல விலை கிடைத்த காலம் அது. தோட்டக்காரர் வீட்டுப் பெடியள் புதுச் சைக்கிளில் வந்தார்கள், உத்தியோகத்தர் வீட்டுப் பெடியள் பாண் வரிசையில் நின்றுவிட்டு வந்தார்கள். விஞ்ஞானகூடத்துக்குப் பின்னால், கிணற்றடித் துண்டுக் காணி உங்களுக்கு ஞாபகமிருக்கும். முதல் மணிக்கு வெகு முன்பே சேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கே நிற்பார். பூசணிப் பூவுக்கு ஒரே ஒரு காலைதான் ஆயுள். விடியப்புறம் விரிந்து மத்தியானத்துக்குள் மூடிவிடும். அதனால் தேவாரத்துக்குப் பிந்தினாலும் பூவுக்குப் பிந்தக்கூடாது என்பது அவர் கட்சி. அதிபருக்கும் அவருக்கும் அதில் ஒரு நாளும் ஒத்துவந்ததில்லை.

அன்று இரண்டு பூக்களோடு வகுப்புக்கு வந்தார். ஒன்றுக்கு நீளமான மெல்லிய காம்பு, நடுவில் மஞ்சள் தூள் படிந்த ஒரு தண்டு. மற்றதற்குக் கட்டைக் காம்பு, இதழுக்குக் கீழே குண்டுமணி போல ஒரு பிஞ்சு. குறி, தம்பம், சூலகம் என்று கரும்பலகையில் எழுதினார். எழுதியதைப் பார்த்து கடைசி வாங்கு சிரித்தது. "கொடியில முதல் வாற பூவெல்லாம் ஏன் காய்க்காம விழுகுது?" என்று கேட்டார். நான் வழக்கம்போல அவர் கேட்டு முடியமுன்னமே கையைத் தூக்கிவிட்டேன். வாய் திறக்க விடவில்லை. கிட்ட வந்து அந்த நீளக் காம்புப் பூவை என் சேட்டுப் பொக்கற்றில் செருகி, வகுப்பைப் பார்த்துச் சொன்னார்: "இவர்தான் ஆண்பூ. எல்லாருக்கும் முன்னுக்குப் பூப்பார். ஆனா காய்க்கமாட்டார்."

கடைசி மணிவரை அதை எடுக்கக்கூடாது என்று உத்தரவு. இடைவேளைக்குள் ஆறாம் வகுப்புச் சின்னன்களும் என்னைப் பார்க்க வந்துவிட்டன.

எங்கள் ஆச்சிக்கு இதெல்லாம் பாடமில்லாமலே தெரியும். மார்கழியில் வாசல் சாணகப் பிள்ளையாருக்குப் பூசணிப்பூ ஆய்ந்தால் நீளக் காம்புப் பூவாகப் பார்த்துத்தான் ஆய்வா, பிஞ்சுள்ளதைத் தொடமாட்டா. ஆனால் அந்த மகரந்தம் பாரமானது, ஒட்டுந்தன்மையுள்ளது, காற்றில் பறக்காது, பூச்சியோ மனிதக் கையோ கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் உண்டு என்பதைச் சேரிடம்தான் படித்தேன். புடலையும் சுரையும் பொழுதுபட்டபின் பூப்பவை, அவற்றுக்கு அந்துப்பூச்சி வேண்டும் என்பதையும்.

1979இல் எங்கள் வகுப்பிலிருந்து முதலில் வெளிக்கிட்டவன் நான். கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு பேர்லின், பிறகு கனடா. முன்னுக்குப் பூத்தவன் என்று அதற்கும் சொல்லிச் சிரித்தார்கள். பின்னால் அவர்களும்தான் வந்தார்கள்.

இங்கே இப்போது நான் ஒரு மாதிரியான பூசணி வைத்தியர். மே மாதம் வரும் விக்டோரியா நாள் விடுமுறை கழிந்து எல்லோரும் பின்வளவில் கன்று வைப்பார்கள். யூலை பிறந்தால் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். "அண்ணை, பூவெல்லாம் கொட்டுது, மருந்தடிக்கவோ?" பூவுக்குக் கீழே பிஞ்சு இருக்கோ என்று கேட்பேன். இல்லையென்றால் பொறு, பெண்பூ பின்னால்தான் வரும். பிஞ்சு இருந்து, மஞ்சளாகி நுனி அழுகினால் மகரந்தம் போதவில்லை. விடிய எழும்பி ஆண்பூவை ஆய்ந்து, இதழை உரித்துவிட்டு, பெண்பூவின் நடுவில் உள்ள குறியில் எல்லாப் பக்கமும் படத் தடவு. ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாய் வரும். மாட்டெருவைக் கொட்டிக் கொட்டி வைத்தால் கொடிதான் ஓடும். மருந்து மட்டும் அடியாதே. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் பூசணிக்கென்றே ஒரு தேனீ உண்டு. நிலத்தில் பொந்து தோண்டி வாழ்வது. சூரியன் வருமுன்னமே வேலைக்கு வந்துவிடும். பின்னேரம் வாடிய பூவைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே அதன் ஆண் படுத்திருக்கும்.

முதலில் வரும் அந்த ஆண்பூக்களும் வீணில்லை. அவற்றைத் தேடி வந்து பழகிய தேனீதான் பெண்பூ விரியும் நாளில் அங்கே நிற்கும். சேருக்கு இது தெரியாமல் இருந்திராது. அன்று பகிடி விடத் தேவைப்பட்டிருக்காது, அவ்வளவுதான்.

2004இல் ஊருக்குப் போனபோது இதையே சொல்லி வழக்காட நினைத்து அவர் வீட்டுக்குப் போனேன். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போய்த் திரும்பி வந்து, கூரை இல்லாத வீட்டைத் திருத்தி இருந்தார். "நீர் எந்த வருசம்?" என்று கேட்டார். ஆண்பூ என்றேன். அவருக்குப் பிடிபடவில்லை. இருபத்தைந்து வருடம் பேர்லினிலும் கனடாவிலும் நான் சுமந்து திரிந்த பெயர் அவர் நினைவிலேயே இல்லை! வழக்கை விட்டுவிட்டு ஸ்காபரோப் பூசணியைப் பற்றிச் சொன்னேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு பெண்பூவுக்கு ஒரு ஆண்பூ காணாது. ரண்டு மூண்டு எடும்" என்றார். பிறகு, அங்கே குளிர் எப்போது தொடங்கும், மண் எப்படி என்று விசாரித்தார். என் வேலை, சம்பளம், வீடு பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் அப்படிக் கேட்காத ஆள் அவர் ஒருவர்தான்.

சேர் பெயரில் கிணற்றடிக் காணியில் ஒரு விவசாய அலகு கட்டித்தர நம் சங்கம் தீர்மானித்திருப்பது உங்களுக்குத் தெரியும். காசு ஏறக்குறையச் சேர்ந்துவிட்டது. கட்டடம் சந்தோசம், விவசாயம் படிப்பிக்க ஒரு ஆள்தான் கிடைக்கவில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. கூட்டத்தில் அதை வாசித்தபோது, விவசாயம் படித்தவர்கள் கை உயர்த்துங்கள் என்று செயலாளர் கேட்டார். கேட்டு முடியமுன் நான் தூக்கினேன். சுற்றிப் பார்த்தால் பாதி மண்டபம் தூக்கியிருந்தது, எல்லோரும் அறுபது தாண்டியவர்கள்.