தட்டினால் பாடும் ரேடியோ: மூன்றாவது முயற்சி

எட்டு மாதமாக அலமாரியில் கிடந்த டிரான்சிஸ்டர் ரேடியோவைப் போன மாதம்தான் கையில் எடுத்தேன். தட்டினால் பாடும், கையை எடுத்தால் ஊமை. எனக்கும் மணிக்கட்டு முறிந்து, ஆறு வாரக் கட்டைப் பிரித்த புதிது. விரல்களுக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

முதல் நாள் முழுக்கத் தேடல்தான். பேட்டரி சரி, ஸ்பீக்கரும் சரி. பிறகு ஒரு மரக்குச்சியால் போர்டை அங்கங்கே மெல்லத் தட்டிக்கொண்டே வந்தேன். இயர்போன் ஜாக் பக்கம் தொட்டதும் கரகரவென்றது. ஸ்பீக்கருக்குப் போகும் பாதை அந்த ஜாக் வழியாகத்தான் போகிறது. சொருகிச் சொருகி ஆடியதில் அடியில் அதைப் போர்டோடு ஒட்டியிருந்த ஈயம் விட்டுப்போயிருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஜாக்கின் உலோகப் பின்னைச் சுற்றி மயிரிழை அளவுக்கு ஒரு வட்ட விரிசல். கோளாறு அவ்வளவுதான்! 2022-ல் மட்டும் உலகம் தூக்கிப்போட்ட மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அறிக்கை. அதில் எத்தனை இப்படி மயிரிழையில் போனதோ.

பழைய ஈயத்தின் மேலேயே புது ஈயம் வைத்தேன். இரண்டு நாள் பாடியது. அடுத்த முறை பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டு வைத்தேன். ஆறுவதற்குள் கை நடுங்கி ஜாக் அசைந்துவிட்டது. நல்ல பற்று பளபளவென்றிருக்கும். இது சாம்பல் பூத்து, சொரசொரவென்று கிடந்தது.

என்னிடம் இருந்தது 60/40 ஈயம், அதாவது 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம் கலந்தது. 190 டிகிரி செல்சியஸ் வாக்கில் இறுக ஆரம்பித்து, 183-ல்தான் முழுக்கக் கெட்டியாகும். நடுவே கூழ் மாதிரி நிற்கும்போது அசைந்தால் போச்சு. 63/37-க்கு அந்தக் கூழ் நிலையே கிடையாது, 183-ல் சட்டென்று இறுகும். அதை வாங்கி, ஜாக்கை டேப் போட்டு ஒட்டி, போர்டைக் கவ்வியில் இறுக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தேன். பளபளத்தது.

கட்டுப் போட்டபோது டாக்டர் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது: "கட்டு எலும்பை ஒட்ட வைக்காதுங்க. எலும்பு தானா ஒட்டிக்கும். அதுவரைக்கும் ஆடாம பிடிச்சுக்கறதுதான் கட்டோட வேலை."

அந்தத் தைரியத்தில், காற்றில் பிளந்து தொங்கிய செம்பருத்திக் கிளையையும் பழைய துணியால் இறுக்கிக் கட்டினேன். பட்டையோடு பட்டை பொருந்த வேண்டும், பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய படலம்தான் புதிதாக வளரும். உள்ளே பிளந்த கட்டை பிளந்தபடியேதான் இருக்கும். செடி அதன் மேல் வளர்ந்து மூடிக்கொள்ளும். எலும்பு வேறு ரகம், உடைந்த இடத்தையே மெல்ல மெல்லக் கரைத்துப் புதுசாகக் கட்டிக்கொள்கிறது. ஈயத்துக்குத்தான் இந்த இரண்டு வித்தையும் தெரியாது.

இன்றைய நிலவரம்: ரேடியோ மூன்று வாரமாகப் பாடுகிறது. குச்சியால் தட்டினாலும் அசையவில்லை. சத்தம் கூட்டும் குமிழ் மட்டும் கொஞ்சம் கரகரக்கிறது, அடுத்து அதைச் சுத்தம் செய்ய வேண்டும். செம்பருத்தி இலை வாடவில்லை, கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. பின்மூடிக்கு நான்கு திருகு. மூன்றைப் போட்டுவிட்டேன், நாலாவதை முறுக்க மணிக்கட்டு இன்னும் விடவில்லை.