அண்டியாபீஸ்ல லீவு வாங்குன கதை, உங்களுக்கும் உதவும்

2024 ஜூலைல நடந்தது இது, இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது. மார்த்தாண்டம் பக்கம் ஒரு அண்டியாபீஸ்ல, அதாவது முந்திரிப் பருப்பு பேக்டரில, பீலிங் செக்‌ஷன்ல எனக்கு வேலை. வீட்டுக்காரர் கட்டையால அடிச்சதுல வலது மணிக்கட்டு வீங்கிப் போச்சு, பருப்புல தொலி உரிக்க பெருவிரல் மடங்கணும்லா, மடங்கல. பிள்ளையள கூட்டிட்டு அம்மா வீட்டுக்கு வந்தாச்சு. இனி ஆஸ்பத்திரி, நாகர்கோவில்ல பாதுகாப்பு அலுவலர் (வீட்டுல அடிபட்ட பெண்களுக்கு உதவுற அரசு அதிகாரி), குழித்துறை கோர்ட்டுன்னு அலையணும், கிலோ கணக்குல கூலி வாங்குறவளுக்கு ஒரு நாள் போகலன்னா அன்னைக்கு கூலி கெடயாது.

லீவு கேட்டதுக்கு கிளார்க் நிமிந்தே பாக்கல. "15 நாள் முன்னால எழுதித் தரணும்"னார். அடி எப்ப விழும்னு எனக்கு எப்படி தெரியும்? அது போதாதுன்னு லீவு நோட்டுல காரணம்னு உள்ள எடத்துல "குடும்பச் சண்டை"ன்னு எழுதி மேசைல விரிச்சே போட்டுட்டார். மத்தியானம் சோறு திங்க உக்காந்தப்ப ஒருத்தியும் எனக்க முகத்த பாக்கல.

யூனியன் அக்காகிட்ட போய் அழுதேன். 2024ல இருந்த பேக்டரி சட்டத்த வச்சு அவங்க சொன்னாங்க, வீட்டுல அடிபட்டவளுக்குன்னு தனியா சம்பள லீவு நம்ம சட்டத்துல இல்ல, ஆனா முந்துன வருஷம் 240 நாள் வேலை பாத்திருந்தா 20 நாளைக்கு 1 நாள் வீதம் லீவு உண்டு, உனக்கு 12 நாள் நிக்குது, உடம்புக்கு முடியாம அத எடுத்தா முன்கூட்டி சொல்லணும்ங்கற கணக்கே வராது, பேக்டரி சட்டத்துலயே இருக்கு, டாக்டர் சீட்ட மட்டும் கொண்டா மக்ளேன்னு.

அந்த சீட்டுலதான் எனக்க தப்பு. ஆஸ்பத்திரில பின்னால நாலு பேரு நிக்கிறாங்களேன்னு வெக்கப்பட்டு "குளிமுறில வழுக்கி விழுந்துட்டேன்"னு சொல்லிருந்தேன், சீட்டுலயும் அப்படியே எழுதிட்டாங்க. லீவுக்கு இது போதும், கோர்ட்டுல அவருக்க வக்கீல் இதத்தான் தூக்கிக் காட்டுவார்னு அக்கா சொன்னதும் எனக்கு கையும் காலும் ஓடல. திரும்ப ரெண்டு பஸ் மாறி போயி, நடந்தத டாக்டர்கிட்ட சொல்லி, ஏ.ஆர். (அடிபட்ட விவரத்த ஆஸ்பத்திரில எழுதுற பதிவு) போட்டு காப்பி வாங்க ஒரு பகல் முழுக்க போச்சு. தயவுசெஞ்சு மொத நாளே உள்ளத உள்ளபடி சொல்லிருங்க, காப்பிய கையோட வாங்கிருங்க.

பாதுகாப்பு அலுவலர்கிட்ட மனு எழுதுனது, இலவச சட்ட உதவில வக்கீல் கெடச்சது எல்லாம் தடையில்லாம முடிஞ்சுது. பெண்ணுன்னா வருமானம் பாக்காமலே வக்கீல் தருவாங்க, யாரும் பயப்படாதீங்க. ராத்திரி நேரம்னா பெண்கள் உதவி எண் 181க்கு போன் போடுங்க.

9 நாள் லீவு எடுத்தேன். சம்பளம் வந்தப்ப கையில 1,989 ரூபா! லீவுக்கு முந்துன மாசம் 16 நாள்தான் போயிருந்தேன், வாங்குனது 5,760. கிளார்க் அத 26ஆல வகுத்து நாளுக்கு 221ன்னு போட்டிருக்கார். அக்கா நோட்ட வாங்கிப் பாத்துட்டு, வேலைக்கு வந்த நாளாலதான் வகுக்கணும், 16ஆல வகுங்கன்னு மேனேஜர் முன்னாலயே சொன்னாங்க. நாளுக்கு 360, மொத்தம் 3,240. மீதி 1,251 ரூபா அந்த சனிக்கிழமையே வந்துது. நம்ம கூலிக் கணக்க நாமளும் ஒரு துண்டுத் தாள்ல குறிச்சு வைக்கணும், எனக்க பழைய சீட்டு இல்லன்னா அந்த 16 நாளுக்கு சாட்சியே கெடயாது.

நோட்டுல எழுதுனதையும் அக்கா விடல. அத அடிச்சுட்டு "சிகிச்சை"ன்னு மாத்தி எழுத வச்சப்புறம்தான் எழும்புனாங்க. ஆஸ்திரேலியால யூனியன்காரங்க பல வருஷம் போராடி 2023லேருந்து வீட்டுல அடிபட்டவங்களுக்குன்னே 10 நாள் சம்பள லீவு வாங்கியிருக்காங்களாம், சம்பள சீட்டுல கூட அது என்ன லீவுன்னு போடக்கூடாதாம். அக்கா இத சொன்னப்ப எனக்கு அந்த மத்தியான சோறு ஞாபகம் வந்துது.

அடுத்த கூலிப் பேச்சுக்கு யூனியன் எழுதுன கோரிக்கைல 10 நாள் லீவும் இருக்கு. நோட்டுல காரணம் எழுதக்கூடாதுங்கற வரி நான் சொல்லி சேத்தது.