‘எந்தத் துறை?’ என்று கேட்கப் போன ஒன்றரை ஆண்டு

பட்டம் பெற்றபின் வைத்தியசாலையில் செய்ய வேண்டிய ஓராண்டு உள்ளகப் பயிற்சியில் இருக்கும் இளம் வைத்தியர்கள் எந்த விசேட துறைக்குப் போக விரும்புகிறார்கள், அந்த விருப்பம் எப்போது, எதனால் உருவாகிறது என்பதை என் முதுநிலைப் பட்ட ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னபோது, கின்சி வீதி மருத்துவ பீடத்தில் என்னோடு ஐந்து ஆண்டும் படித்த நண்பர் ஒருவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “அதுக்கென்ன ஆராய்ச்சி? மெரிட் லிஸ்ட்டை வாங்கிப் பாரும். ஆர் எங்கை போவினம் எண்டு நானே சொல்லுறன்” என்றார். இறுதிப் பரீட்சை முடிவுகளின்படி போடப்படும் தர வரிசையைத்தான் அவர் சொன்னார். அந்தச் சிரிப்பில் பாதிக்கு மேல் நியாயம் இருந்தது. மீதிக்காகத்தான் நான் ஒன்றரை ஆண்டு கோப்புகளைச் சுமந்துகொண்டு கொழும்பு ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் நடந்தேன்.

ஆய்வேடு எழுதுகிற எல்லோரையும் போல நானும் முதலில் ஆயத்தமாகக் கிடைக்கும் வினாக்கொத்து ஒன்றைத் தேடினேன். இந்த விடயத்தில் மிக நீண்ட தொடர்ச்சியுள்ள வேலை பிரித்தானியாவில் நடந்திருக்கிறது. 1974 இல் பட்டம் பெற்ற வைத்தியர்களிலிருந்து தொடங்கி, குறிப்பிட்ட சில ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் அனைவருக்கும் தபாலில் வினாக்கொத்து அனுப்பி, சில ஆண்டுகள் கழித்து அதே ஆட்களிடம் மறுபடியும் கேட்டிருக்கிறார்கள். ஜேம்ஸ் பார்க்ஹவுஸ் தொடக்கிவைத்த அந்தத் தொடர், பிற்காலத்தில் ஆக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கோல்டேக்கர், ட்ரெவர் லாம்பர்ட் ஆகியோரின் கையில் வளர்ந்தது. மையக் கேள்வி மிக எளிமையானது. விரும்பும் துறைகளை முன்னுரிமைப்படி மூன்று வரை எழுத வேண்டும். இரண்டு துறைகள் மனத்தில் சமமாக நின்றால் அதையும் குறிக்கலாம். பின்னர், இந்த முடிவு உறுதியானதா, பெரும்பாலும் இதுதானா, இன்னும் தீர்மானிக்கவில்லையா என்று ஒரு கேள்வி. கேள்வியைப் பெரிதாக மாற்றாமல் தலைமுறை தலைமுறையாகக் கேட்டதால்தான், இருபது ஆண்டு இடைவெளியில் பட்டம் பெற்ற இருவரை அருகருகே வைத்துப் பார்க்க அவர்களால் முடிகிறது. எனக்கு அந்த மூன்று கோடுகளும் மிகவும் பிடித்துப்போயின.

அதைக் கொழும்பில் விரித்தபோது முதல் வரியே இடறியது. ‘பட்டம் பெற்று ஓராண்டு முடிவில்’ என்பது அங்கே ஒரே நேரத்தைக் குறிக்கும். பட்டம் பெற்றவர் உடனேயே வேலையைத் தொடங்கிவிடுகிறார். இங்கே இறுதிப் பரீட்சை முடிவு வந்து, அரச மருத்துவ பீடங்களுக்கான பொது மெரிட் வரிசை தயாராகி, மருத்துவப் பேரவையில் தற்காலிகப் பதிவும் கிடைத்து, உள்ளகப் பயிற்சி தொடங்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் ஒருவர் பீடத்தில் செயல்முறை வகுப்பு எடுப்பார், இன்னொருவர் பிரித்தானியப் பரீட்சைக்குப் படிப்பார், வேறொருவர் திருமணம் செய்துகொள்வார். ‘ஓராண்டு’ என்ற சொல் மூவருக்கும் மூன்று பொருள். ஆகவே பட்டம் பெற்ற திகதியை விட்டுவிட்டு, உள்ளகப் பயிற்சியின் இரண்டாவது ஆறு மாதத்தை அளவுகோலாக எடுத்தேன். பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, சிறுவர் மருத்துவம், மகப்பேறும் பெண்நோயியலும் ஆகியவற்றுள் ஒன்றை ஆறு மாதம் முடித்து மற்றொன்றில் நிற்கும் காலம் அது. ஒப்பிட்டுப் பேச அவர்களிடம் ஏதாவது இருக்கும்.

‘சொந்த ஊர்’ என்ற கேள்வியிலும் இதே சிக்கல். மருத்துவ பீட அனுமதியில் தேசிய மெரிட்டுக்கு 40 வீதம், மாவட்டங்களுக்கு 55 வீதம், கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்று இருப்பதால், பிறந்த இடமும் உயர்தரம் எழுதிய மாவட்டமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டையும் தனித்தனியே கேட்டேன். அப்படிக் கேட்டது வீண்போகவில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

நெறிமுறை மீளாய்வுக் குழு என் விண்ணப்பத்தை இரண்டு தடவை திருப்பி அனுப்பியது. நோயாளிகள் இல்லை, ஊசி இல்லை, மருந்து இல்லை, வைத்தியர்களோடு பேசுவதற்கு இவ்வளவு கெடுபிடியா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. முதல் தடவை அவர்கள் கேட்டது, யார் இவர்களை அழைப்பது என்பது. நோயாளர் விடுதிக்குப் பொறுப்பான விசேட நிபுணர் ஊடாக அழைப்பதாக நான் எழுதியிருந்தேன். அதுதான் இங்கே வழக்கம், வேலையும் விரைவாக நடக்கும். ஆனால் தன் கையொப்பத்தை நம்பி முழுப் பதிவுக்காகக் காத்திருக்கும் ஒருவரிடம் நிபுணர் “இதை நிரப்பிக் கொடும்” என்று சொன்னால், மறுக்கும் உரிமை அந்த இளம் வைத்தியருக்கு உண்டு என்று தகவல் தாளில் எத்தனை தடித்த எழுத்தில் அச்சிட்டாலும் அது காகிதத்தில்தான் இருக்கும். 1964 இன் ஹெல்சிங்கிப் பிரகடனத்தைப் பரீட்சைக்காக மனனம் செய்திருந்த எனக்கு, அது விடுதி வாசலில் என்ன பொருள்படும் என்று அப்போதுதான் விளங்கியது. அறிவித்தல் ஒன்றை ஓய்வறைச் சுவரில் ஒட்டி, விரும்புகிறவர்கள் தாங்களாகவே எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பும்படி மாற்றினேன். ஆட்கள் குறைந்தார்கள், வந்தவர்கள் மனம்விட்டுப் பேசினார்கள்.

இரண்டாம் தடவை கேட்டது தொலைபேசி இலக்கங்களை என்ன செய்வீர்கள் என்று. மூன்றாம் தடவையும் திரும்பி வந்துவிடுமோ என்ற பயத்தில், ஆய்வு முடிந்ததும் இலக்கங்களும் பெயர்ப் பட்டியலும் அழிக்கப்படும் என்று ஒரு வரி சேர்த்தேன். அனுமதி வந்தது. அந்த வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வைத்தியசாலை அனுமதி பற்றி எழுத அதிகமில்லை. ஓரிடத்தில் கடிதம் ஒரே நாளில் கிடைத்தது. இன்னோரிடத்தில் என் கோப்பு ஏழு வாரம் காணாமற்போய், வேறொருவருடைய விடுமுறைக் கோப்புக்குள்ளிருந்து வெளிப்பட்டது. கடிதத்தின் பிரதியில் பெறப்பட்ட முத்திரையும் திகதியும் குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

முன்னோடி ஆய்வைப் பத்துப் பேரோடு செய்தேன். ஒரு பெண் வைத்தியர் என் எதிரிலேயே அமர்ந்து படிவத்தை நிரப்பினார். முதலாவது கோட்டில் சேர்ஜரி என்று எழுதினார். சற்று நேரம் பேனையைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, பையிலிருந்து எழுத்தை மறைக்கும் டிப்பெக்ஸை எடுத்துப் பூசி, ஊதிக் காயவைத்து, அதன்மேல் டேர்மட்டோலஜி (தோல் மருத்துவம்) என்று எழுதினார். பின்பு நிமிர்ந்து, “அக்கா, இதிலை எனக்கு என்ன விருப்பம் எண்டு எழுதவோ, எனக்கு என்ன கிடைக்கும் எண்டு எழுதவோ?” என்று கேட்டார்.

பிரித்தானிய வினாக்கொத்துக்கு அந்தக் கேள்வி அவ்வளவாகத் தேவைப்பட்டிருக்காது. இங்கே எந்த வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சி என்பதும், அதன்பின் எந்த ஊரில் முதல் நியமனம் என்பதும் அந்த மெரிட் வரிசைப்படிதான். விசேட நிபுணராக வேண்டுமானால் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சை. அங்கும் இடங்கள் எண்ணி வைக்கப்பட்டவை, அங்கும் வரிசை. ஐந்தாண்டு இப்படி வரிசையில் நின்று பழகிய ஒருவர், உமக்கு எது விருப்பம் என்று கேட்டால், தன் இலக்கத்துக்கு எட்டக்கூடியதையே விருப்பமாகச் சொல்லிவிடுகிறார். அது பொய்யன்று. ஆசை இலக்கத்தோடு ஏற்கெனவே பேசித் தீர்த்துக்கொண்டுவிட்டது.

மேற்பார்வையாளர் தயங்கினாலும் படிவத்தை மாற்றினேன். மூன்று கோடுகளின் இடத்தில் மூன்று கேள்விகள் வந்தன: இறுதியாண்டில் பேராசிரியர்களின் கீழுள்ள வைத்தியசாலை அலகுகளில் வேலை செய்தபோது எதை நினைத்திருந்தீர்கள், வரிசை என்பதே இல்லையென்றால் இன்று எதை எழுதுவீர்கள், உண்மையில் எதற்கு விண்ணப்பிப்பீர்கள். இதனால் பிரித்தானியத் தரவுகளோடு நேரடியாக ஒப்பிடும் வாய்ப்பை இழந்தேன். அது சிறிய இழப்பன்று. பரீட்சகர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார். இருந்தும், வருமானம், மதிப்பு, குடும்ப வாழ்க்கை என்று நிரல்படுத்தி ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி போடச் சொன்ன பகுதியில் பெரும்பாலானோர் எல்லாவற்றுக்கும் நான்கு போட்டிருந்ததைப் பார்த்தவள் என்ற வகையில், அந்த மூன்று கேள்விகளுக்கும் இடையில் விழுந்த இடைவெளிதான் என் ஆய்வேட்டில் உருப்படியானது என்று இன்றும் நினைக்கிறேன்.

பின்னர் 14 பேரை நேர்கண்டேன். வேலையிலிருக்கும் உள்ளகப் பயிற்சி வைத்தியரிடம் ஒரு மணித்தியாலம் கேட்பது, மழைக்காலத்தில் பொரளைச் சந்தியில் ஓட்டோ கேட்பதைப் போன்றது. ஒரு நேர்காணல் வார்டுக்குப் பின்னாலிருந்த ஓய்வறையில், இரும்புக் கட்டிலின் இரண்டு முனைகளிலும் அமர்ந்தபடி நடந்தது. மாலை நான்கு மணி. எனக்கு நேர்காணல் கொடுத்த தம்பியின் சோற்றுப் பார்சல் பிரிக்கப்படாமல் மேசையில் கிடந்தது. ஏன் சிறுவர் மருத்துவத்தை விட்டுவிட்டார் என்று சொல்லத் தொடங்கியவரைத் தொலைபேசி கூப்பிட்டது. “ஒரு நிமிசம் அக்கா” என்று போனவர் நாற்பது நிமிடம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, விட்ட வாக்கியத்தை விட்ட சொல்லிலிருந்தே தொடர்ந்தார். நான் வியந்துகொண்டிருந்தபோது ஒலிப்பதிவுக் கருவி அந்த நாற்பது நிமிடமும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. வீட்டில் கேட்டபோது, கதவுக்கு அப்பாலிருந்து தாதி ஒருவர் நோயாளி ஒருவரின் பெயரையும் கட்டில் இலக்கத்தையும் சொல்வது தெளிவாகப் பதிவாகியிருந்தது. அந்தப் பகுதியை அழித்து, நெறிமுறைக் குழுவுக்கு எழுத்தில் அறிவித்தேன். பேசுபவர் எழுந்தால் கருவியை நிறுத்துங்கள்.

எழுத்துருவாக்கம் நான் கணக்கிட்டதைவிடப் பல மடங்கு நேரம் தின்றது. இவர்கள் பேசுவது தமிழில், நோய்களின் பெயர்கள் ஆங்கிலத்தில், சண்டைகள் சிங்களத்தில்; ஆய்வேடோ முழுக்க ஆங்கிலத்தில். ஒருவர், “வீட்டிலை ஒண்டும் சொல்லேல்லை. ஆனா தெரியும்தானே” என்று சொன்னதை ஆங்கிலமாக்கி, குடும்பத்தின் அழுத்தம் இல்லை என்ற தலைப்பின் கீழ் வைத்திருந்தேன். சரிபார்ப்புக்காகத் தனியே வகைப்படுத்திய சிங்கள நண்பி, அந்த ‘தானே’யைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னார். காட்டியதும், “இது எங்கள் ‘தன்னவனே’ அல்லவா? முழு அழுத்தமும் அதற்குள்தான் இருக்கிறது” என்றார். சிங்களத்தில் ‘தெரியும்தானே’ என்பதற்கான சொல் அது. அந்த வரியை நேரெதிர்த் தலைப்பின் கீழ் மாற்றியதோடு, எல்லாப் பதிவுகளையும் மூல மொழியிலேயே மீண்டும் வகைப்படுத்தினோம். மூன்று வாரம் போயிற்று.

எழுதும்போது வந்த தொல்லை வேறு. பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடுவார் என்று பாடநூல்கள் சொல்லும். நம் சிறிய உலகத்தில், கிழக்கு மாகாணத்துப் பெண், கொழும்பில் பயிற்சி, சத்திரசிகிச்சை விருப்பம் என்ற மூன்றையும் ஒரே வரியில் எழுதினால், பெயர் எழுதாமலே வாசிப்பவர் தொலைபேசியில் அழைத்துவிடுவார். எனவே ஒரு கூற்றின் அருகில் பால், மாகாணம், துறை ஆகியவற்றுள் ஒன்றை மட்டுமே வைத்தேன். ஆய்வேடு சற்று வெளிறிப்போனது. திருத்தங்களோடு ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இனி அந்த வரி. இந்த விடயத்தில் உண்மையான விளைச்சல் இரண்டாவது தடவை கேட்பதில்தான் இருக்கிறது. பிரித்தானியாவில் அதற்காகத்தான் முதல் நாளிலிருந்தே ஆட்களைப் பின்தொடர ஏற்பாடு செய்தார்கள். நான் எழுதிக் கொடுத்த வாக்குறுதிப்படி பட்டியலைத் துண்டுதுண்டாக்கி, இலக்கங்களைக் கைபேசியிலிருந்தும் அழித்துவிட்டேன். ‘மீண்டும் உங்களைத் தொடர்புகொள்ளலாமா, ஆம், இல்லை’ என்று சம்மதப் படிவத்தில் ஒரு பெட்டி போட்டிருந்தால் குழு மறுத்திருக்காது என்று அக்குழுவில் இருந்த ஒருவரே பின்னர் சொன்னார். நீங்கள் போட்டுவிடுங்கள்.

சென்ற மாதம் வைத்தியசாலை மின்தூக்கிக்காக நின்றபோது டிப்பெக்ஸ் பூசிய பெண் பக்கத்தில் வந்து நின்றார். அனஸ்தீஷியாவில், அதாவது மயக்கமருந்துத் துறையில், விசேட பயிற்சி பெறும் ரெஜிஸ்ட்ராராக இருக்கிறாராம். “அக்கா, அந்தப் போமிலை நான் என்ன எழுதினனான்? எனக்கு மறந்துபோச்சு” என்றார். இரண்டு எழுதினீர் என்று சொல்லி, இரண்டையும் சொன்னேன். அவர் சிரித்தார். அனஸ்தீஷியா இரண்டிலும் இருக்கவில்லை. எப்போது, ஏன் மாறியது என்று கேட்க எனக்கு இப்போது அனுமதியும் இல்லை.