டிராப்சானின் கோல்காப்பாளர்: ஷெனோல் குனேஷ்

2002ஆம் ஆண்டு ஜூன் 29, சனிக்கிழமை. உலகக் கோப்பைக் கால்பந்தில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் தென்கொரியாவின் டேகு நகரில் நடந்தது. இந்திய நேரப்படி மாலை நாலரை மணிக்குத் தொடங்கிய அந்த ஆட்டத்தைப் பார்க்க நான் தொலைக்காட்சி முன் வந்து உட்கார்ந்தபோது, துருக்கி வீரர்கள் ஏற்கெனவே ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தைத் தொடங்கி வைத்தது கொரியா. பின்னால் தள்ளப்பட்ட பந்தை அணித்தலைவர் ஹாங் மியுங்-போவிடமிருந்து இல்ஹான் மன்ஸிஸ் பறிக்க, ஹகான் ஷுகுர் அதை வலைக்குள் அனுப்பிவிட்டார். இவ்வளவும் நடந்து முடிய எடுத்த நேரம் பதினொரு நொடிகள். உலகக் கோப்பை வரலாற்றின் அதிவேக கோலைச் சில விநாடித் தாமதத்தால் தவறவிட்ட வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அந்த கோலுக்கு முன் நடந்த ஆறு ஆட்டங்களில் ஹகான் ஒரு கோல்கூட அடித்திருக்கவில்லை. துருக்கிக் கால்பந்தின் மிகப் பெரிய பெயர் அவருடையது. மாற்று வீரராக இறங்கும் இல்ஹானோ செனெகலுக்கு எதிரான காலிறுதியில் 94ஆம் நிமிடத்தில் தங்க கோல் (கூடுதல் நேரத்தில் விழுந்த உடனே ஆட்டத்தை முடித்துவைக்கும் கோல்) அடித்து அணியை அரையிறுதிக்குக் கொண்டுசென்றிருந்தார். ஹகானை உட்காரவைத்துவிட்டு இல்ஹானை முதலிலேயே இறக்கவேண்டும் என்ற குரல் பலமாக எழுந்தும், பயிற்சியாளர் தம் முன்கள வீரரைக் கைவிடவில்லை. கடைசி ஆட்டத்தில் இருவரையும் சேர்த்தே களமிறக்கினார். ஹகானுக்கு ஒன்று, இல்ஹானுக்கு இரண்டு என மூன்று கோல்கள் வந்தன; துருக்கி 3-2 என்று வென்றது. ஷெனோல் குனேஷ் என்ற அந்தப் பயிற்சியாளரின் பெயரை நான் மனத்தில் பதித்துக்கொண்டது அன்றிலிருந்துதான்.

அவர் 1952இல் கருங்கடற்கரை நகரமான டிராப்சானில் பிறந்தவர். ஆசிரியர் பயிற்சி பெற்றவர். துருக்கியில் பள்ளி ஆசிரியரையும் கால்பந்துப் பயிற்சியாளரையும் ‘ஹோஜா’ என்ற ஒரே சொல்லால்தான் அழைப்பார்கள். அந்தச் சொல் அவருக்கு இரண்டு பொருளிலும் பொருந்தியது. டிராப்சான்ஸ்போர் கழகம் 1967இல்தான் உருவானது. 1974இல் முதல் பிரிவுக்கு உயர்ந்த அந்தக் கழகம், அங்கே தன் இரண்டாவது பருவத்திலேயே, அதாவது 1975-76இல், சாம்பியன் ஆனது. இது எத்தகைய நிகழ்வு என்பதை உணர ஒரு செய்தியை நினைவில் கொள்ளவேண்டும்: 1959இல் தேசிய லீக் தொடங்கியது முதல் அதுவரை ஃபெனர்பாச்சே, கலாட்டாசராய், பெஷிக்டாஷ் என்ற மூன்று இஸ்தான்புல் கழகங்களைத் தவிர வேறு எவரும் அந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. தலைநகர் அங்காராவால் முடியாததை, பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைகளைக் கொண்ட ஒரு கடலோர நகரத்தின் அணி செய்து காட்டியது.

1976க்கும் 1984க்கும் இடையில் அந்த அணி ஆறு முறை லீக்கை வென்றது. ஆறு முறையும் கோல்கம்பங்களுக்கிடையே நின்றவர் குனேஷ். 1978-79 பருவத்தில் அவர் தொடர்ந்து 1,112 நிமிடங்கள் ஒரு கோலும் விடவில்லை. பன்னிரண்டு முழு ஆட்டங்களுக்கும் மேற்பட்ட நேரம் அது. 1976 அக்டோபரில் ஐரோப்பியக் கோப்பையில் லிவர்பூல் டிராப்சானுக்கு வந்து 1-0 என்று தோற்றுத் திரும்பியது. இங்கிலாந்தில் நடந்த மறு ஆட்டத்தில் லிவர்பூல் 3-0 என வென்று முன்னேறியது என்பதும், அந்தப் பருவத்தில் கோப்பையையே கைப்பற்றியது என்பதும் உண்மைதான். ஆனாலும் ஐரோப்பாவின் சாம்பியனாகப் போகும் ஓர் அணி தங்கள் ஊர் மைதானத்தில் ஒரு கோலும் அடிக்க முடியாமல் போனதை அந்த நகரம் எளிதில் மறந்துவிடாது.

கோல்காப்பாளராக இருந்தவர்கள் பெரும் பயிற்சியாளர்களாவது அரிது. ஆயினும் ஆட்டம் முழுவதையும் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே, தன்னால் தடுக்க முடிவது எது, முடியாதது எது என்று ஒவ்வொரு கணமும் கணக்கிடும் பழக்கம் குனேஷின் பயிற்சியிலும் தெரிந்தது என்பது என் எண்ணம். 1987இல் ஓய்வுபெற்ற பின் சிறிய கழகங்களில் தொழில் கற்று, 1993இல் மீண்டும் டிராப்சான்ஸ்போர் பயிற்சியாளராக வந்தார். 1995-96 பருவத்தின் இறுதிக் கட்டத்தில் சொந்த மைதானத்தில் ஃபெனர்பாச்சேவுக்கு எதிராக அவருடைய அணி முதலில் கோல் அடித்து முன்னிலை பெற்றது. பிறகு ஓகுஸ் சமன் செய்ய, அய்குத் கோஜமான் வெற்றி கோல் அடித்தார். ஆட்டம் 1-2 எனப் போனது. பருவ முடிவில் ஃபெனர்பாச்சேவுக்கு 84 புள்ளிகள், டிராப்சான்ஸ்போருக்கு 82. அந்த ஓர் ஆட்டம் மட்டும் வேறு விதமாக முடிந்திருந்தால் கோப்பை கருங்கடலுக்குப் போயிருக்கும்.

2000இல் தேசிய அணி அவர் கைக்கு வந்தது. 1954க்குப் பிறகு உலகக் கோப்பையில் ஆடியிராத நாடு அது. தகுதிச்சுற்றின் பிளே-ஆஃப் கட்டத்தில் ஆஸ்திரியாவை வியன்னாவில் 1-0 எனவும் இஸ்தான்புல்லில் 5-0 எனவும் வென்று துருக்கி உள்ளே வந்தது. உல்சான் நகரில் பிரேசிலுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஹசன் ஷாஷ் முதல் கோல் அடித்தார். ரொனால்டோ சமன் செய்த பிறகு, 86ஆம் நிமிடத்தில் துருக்கியின் அல்பாய்க்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. அதே நிகழ்வில் கிடைத்த பெனால்டியில் துருக்கி 1-2 எனத் தோற்றது. கடைசி நிமிடங்களில் ஹகான் உன்சால் உதைத்த பந்து காலில் பட்டிருக்க, ரிவால்டோ முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்து அவருக்கும் சிவப்பு அட்டை வாங்கித் தந்தார். அதற்காக ரிவால்டோவுக்குப் பின்னர் அபராதம் விதிக்கப்பட்டது. ஆட்டத்தின் முடிவு மாறவில்லை. இப்படி ஒரு தோல்வியில் நிலைகுலைந்துபோகும் அணிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். துருக்கி கோஸ்டாரிக்காவுடன் 1-1 எனச் சமன் செய்து, சீனாவை 3-0 என வென்று, கோல் வித்தியாசத்தில் அடுத்த சுற்றுக்குப் போனது. அங்கே ஜப்பானையும் காலிறுதியில் செனெகலையும் தலா 1-0 என வென்றது.

அந்தச் சாதனையைக் குறைத்துப் பேசுபவர்கள், துருக்கி அத்தொடரில் ஓர் ஐரோப்பிய அணியைக்கூடச் சந்திக்கவில்லை என்பார்கள். ஏழு ஆட்டங்களின் பட்டியலைப் பார்த்தால் அது சரிதான். ஆனால் அதே பட்டியலில் பிரேசிலின் பெயர் இரண்டு முறை வருகிறது. அந்த உலகக் கோப்பையின் நாக்-அவுட் ஆட்டங்களில் பிரேசில் பெல்ஜியத்துக்கு எதிராக இரண்டு, இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு, இறுதியில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்தது. சைதாமாவில் நடந்த அரையிறுதியில் மட்டும்தான் ஒரு கோலோடு நின்றது. ரொனால்டோ, ரிவால்டோ ஆகியோரைக் கொண்ட அந்தத் தாக்குதலை மற்ற எவரையும்விட நன்றாகக் கட்டுப்படுத்தியது குனேஷின் அணிதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். தொடரின் சிறந்த அணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரு கோல்காப்பாளர்களில் ஒருவர் ஜெர்மனியின் ஆலிவர் கான், மற்றவர் துருக்கியின் ருஷ்து ரெச்பர். முன்னாள் கோல்காப்பாளர் ஒருவர் வழிநடத்திய அணிக்கு இது பொருத்தமான பெருமை.

டேகு ஆட்டம் முடிந்ததும் துருக்கி வீரர்களும் கொரிய வீரர்களும் கைகோத்து ரசிகர்களை நோக்கி நடந்தார்கள். அந்த நட்பு குனேஷின் வாழ்க்கையில் பின்னாளில் ஒரு திருப்பத்துக்கும் முன்னோடியாக அமைந்தது. 2007 முதல் 2009 வரை அவர் எஃப்.சி. சியோல் அணிக்குப் பயிற்சியளித்தார். பின்னர் பிரிட்டனுக்குப் போய்ப் புகழ்பெற்ற கி சுங்-யுயெங், லீ சுங்-யோங் என்ற இரு இளைஞர்கள் அவரிடம் ஆடியவர்கள்.

அதற்கிடையில் நேர்ந்த வீழ்ச்சியையும் சொல்லியாகவேண்டும். 2003 நவம்பரில் யூரோ எனப்படும் ஐரோப்பிய நாடுகளின் கோப்பைத் தகுதிக்கான பிளே-ஆஃப் கட்டத்தில் லாட்வியாவிடம் ரிகாவில் 0-1 எனத் தோற்ற துருக்கி, இஸ்தான்புல்லில் 2-0 என முன்னிலை பெற்றும் அதைக் காக்க முடியாமல் 2-2 எனச் சமன் செய்து வெளியேறியது. உலகின் மூன்றாவது அணி என்ற பெயர் பெற்று ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. அடுத்த ஆண்டில் குனேஷ் பதவியிழந்தார்.

மறுபடியும் அவர் பயிற்சியாளராக இருந்த டிராப்சான்ஸ்போரின் 2010-11 பருவம் இன்னும் கொடுமையானது. அந்த அணியும் ஃபெனர்பாச்சேவும் சரியாக 82 புள்ளிகளோடு முடித்தன. இரு அணிகளும் ஒன்றோடொன்று ஆடிய ஆட்டங்களின் கணக்கில் கோப்பை இஸ்தான்புல் சென்றது. 2011 ஜூலையில் ஆட்ட முடிவுகளை விலைபேசியதாக வழக்கு எழுந்தது. ஃபெனர்பாச்சேவுக்குப் பதிலாக டிராப்சான்ஸ்போர், ஐரோப்பாவின் முன்னணிக் கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீகில் சேர்க்கப்பட்டு, முதல் ஆட்டத்திலேயே மிலானில் இன்டர் அணியை 1-0 என வென்றது. ஃபெனர்பாச்சேயினர் பல ஆண்டு மறுவிசாரணைக்குப் பின் விடுவிக்கப்பட்டார்கள்; லீக் பட்டம் கைமாறவில்லை. வழக்கின் நியாய அநியாயத்தை எடைபோட நான் ஆளல்லன். ஆனால் 1996இல் இரண்டு புள்ளியாலும் 2011இல் ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லாமலும் சொந்த ஊர்க் கழகத்துக்குக் கோப்பையைப் பெற்றுத்தர முடியாத ஒரு பயிற்சியாளரை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

லீக் கோப்பை அவரிடம் கடைசியில் வந்தது, ஆனால் இஸ்தான்புல்லில். 2015இல் பெஷிக்டாஷ் பொறுப்பேற்ற அவர், கழகத்தின் புதிய அரங்கம் 2016 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டதால் பருவத்தின் பெரும்பகுதியைச் சொந்த மைதானமின்றி ஆடியும் முதல் ஆண்டிலேயே சாம்பியன் ஆக்கினார். அடுத்த ஆண்டும் அதே. 2017-18 சாம்பியன்ஸ் லீகில் போர்ட்டோ, லைப்சிக், மொனாக்கோ அடங்கிய குழுவில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் முதலிடம் பிடித்தது அவருடைய பெஷிக்டாஷ். 2018 ஏப்ரலில் ஃபெனர்பாச்சே மைதானத்தில் நடந்த கோப்பை அரையிறுதியில் ரசிகர் கூட்டத்திலிருந்து வீசப்பட்ட பொருள் அவர் தலையில் பட்டு ஐந்து தையல்கள் போடவேண்டியிருந்தது. ஆட்டம் பாதியில் நிறுத்தப்பட்டது. அறுபத்தைந்து வயது ஆசிரியர் ஒருவருக்கு நேர்ந்த அந்தக் காயத்தை என்னால் விளையாட்டுச் செய்தியாக மட்டும் படிக்க முடியவில்லை.

2019இல் தேசிய அணிக்குத் திரும்பிய இரண்டாம் சுற்று, உலக சாம்பியன் பிரான்ஸை கோன்யாவில் 2-0 என வென்ற இரவில் உச்சம் தொட்டது. யூரோ தகுதிச்சுற்றின் பத்து ஆட்டங்களில் மூன்றே கோல்கள் விட்ட அந்த அணி, 2021இல் நடந்த யூரோ போட்டியில் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. செப்டம்பரில் நெதர்லாந்திடம் 1-6 எனத் தோற்றதோடு அதுவும் முடிந்தது.

டிராப்சானில் கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தில் எழுப்பிய புதிய விளையாட்டு வளாகம் 2016 டிசம்பரில் திறக்கப்பட்டபோது அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள். அப்போது அவர் பெஷிக்டாஷ் பயிற்சியாளர். எதிரணியின் ஹோஜாவாகத் தம் பெயர் தாங்கிய அரங்குக்குள் நுழையவேண்டியிருந்தது. 38 ஆண்டுகளுக்குப் பிறகு டிராப்சான்ஸ்போர் 2021-22இல் ஏழாவது முறையாக லீக்கை வென்றபோது பயிற்சியாளராக இருந்தவர் அப்துல்லா அவ்ஜி. 2024 செப்டம்பரில், 72 வயதில், குனேஷ் மறுபடியும் அந்தக் கழகத்துக்கு வந்தார். 2025 மார்ச்சில் விலகினார். கழகத்தின் ஏழு பட்டங்களில் முதல் ஆறின்போதும் கோலைக் காத்து நின்றவர் அவர்தான்.