கூட்டுப் பட்டாவும் நாலு ஸ்டார் மோட்டாரும்

போன வியாழக்கிழமை காலையில் அப்பாவின் கைபேசிக்கு வங்கியிலிருந்து செய்தி வந்தது. 15,000 ரூபாய் வரவு. ஏழு மாதம் அலைந்ததற்கு அன்றைக்குத்தான் விடிந்தது. பழைய மின் மோட்டாரை எடுத்துவிட்டுப் புது பம்புசெட் போட, சிறு குறு விவசாயிகளுக்கு வேளாண் பொறியியல் துறை தரும் மானியம் இது. விலையில் பாதி அல்லது 15,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. திட்டம் நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் பட்டாவும் ஈ.பி. அட்டையும் (மின் இணைப்பு அட்டை) இன்றைக்கு விவசாயம் பார்க்கிற ஆளும் ஒரே பெயரில் இருக்கிற குடும்பம் எத்தனை? அந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அடுத்து போகிறவர்களாவது மாட்டக் கூடாது என்று எழுதுகிறேன்.

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் ஊர். கண்மாய் பெருகினால் ஒரு போகம் நெல். அதற்கு அப்புறம் கடலையோ கத்தரியோ, எல்லாம் கிணற்றை நம்பித்தான். கிணற்றில் இருந்தது ஐயா (அப்பாவின் அப்பா) காலத்து அஞ்சு ஹெச்.பி. மோனோபிளாக், மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது. எனக்குத் தெரிந்தே நாலு தடவை காயில் எரிந்து வைண்டிங் கட்டியிருக்கிறோம். ஒவ்வொரு தடவை கட்டும்போதும் மோட்டாரின் திறன் கொஞ்சம் குறையும் என்று வைண்டிங் கடைக்காரரே சொல்வார். இருந்தாலும் ஓடுகிறதே என்று விட்டுவிட்டோம். போன கார்த்திகையில் அஞ்சாவது தடவையாக எரிந்தது.

“விவசாயத்துக்குக் கரண்டு ஃப்ரீதானே, ஸ்டார் மோட்டார் போட்டு உனக்கு என்ன மிச்சம்?” என்று சித்தப்பா கேட்டார். கரண்டைக் குறைவாக இழுக்கும் என்று முத்திரை வாங்கிய மோட்டாரைத்தான் ஸ்டார் மோட்டார் என்கிறார். ஊரில் பாதிப் பேர் கேட்பது இதைத்தான். பில் வராது என்பது உண்மை. ஆனால் மும்முனைக் கரண்டு வருவதே முறை வைத்துத்தான். அந்த நேரத்துக்குள் எவ்வளவு தண்ணீர் ஏறுகிறது என்பதுதான் நமக்குக் கணக்கு. ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருபது கிணறும் பழைய மோட்டாரை ஓட்டினால் ஆளாளுக்குக் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், வோல்டேஜ் படுக்கும், காயில் எரியும். வைண்டிங் செலவு நம் பையிலிருந்துதானே போகிறது. நாடு முழுக்க ஓடும் மின்சாரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு விவசாயத்துக்குப் போகிறது. அதில் வீணாவதைக் குறைக்காமல் மற்றதைப் பேசிப் பயனில்லை என்று நான் நினைக்கிறேன்.

அரசின் உழவன் செயலியில் மானியத்துக்குப் பதிவு செய்தது ஒரு சாயங்கால வேலை. தொல்லை அதற்கு அப்புறம்.

முதலில் சிறு குறு விவசாயி சான்று. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி அப்பா பெயரில் விண்ணப்பித்தோம். பத்து நாளில் நிராகரித்துவிட்டார்கள். அளவுக்கு மேல் நிலம் இருக்கிறது என்று ஒரே வரி. புன்செய் என்றால் அஞ்சு ஏக்கர் வரைதான் சிறு விவசாயி. அப்பாவின் பங்கு மூன்றரை ஏக்கர். ஆனால் பட்டா பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவர் பெயரிலும் கூட்டாக, பதினோரு ஏக்கருக்கு இருக்கிறது. கணினியில் அப்பா பெயரைத் தட்டினால் பதினோரு ஏக்கரும் அவர் தலையில் விழுகிறது.

1994-லேயே பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகி பீரோவில் கிடக்கிறது. உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்க மட்டும் முப்பது வருசமாக யாருக்கும் தோன்றவில்லை. தாலுகா அலுவலகத்தில் கேட்டால், “முதலில் தனிப் பட்டா வாங்கிட்டு வாங்க” என்றார் எழுத்தர். சர்வேயர் வந்து அளந்து முடிக்க எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் அதே பேச்சு. நாலாவது தடவை கிராம நிர்வாக அலுவலரை (வி.ஏ.ஓ.) பார்த்தேன். பத்திரத்தை முழுக்கப் படித்தார். “இதையும், யார் பயிர் வைக்கிறார் என்று காட்டும் அடங்கலையும் சேர்த்து மறுபடி விண்ணப்பம் போடுங்க, உங்க அப்பா அனுபவத்தில் மூன்றரை ஏக்கர்தான் என்று நான் அறிக்கை எழுதுகிறேன்” என்றார். எழுதினார். வருவாய் ஆய்வாளரும் (ஆர்.ஐ.) ஒப்புக்கொண்டார். எட்டே நாளில் சான்று வந்தது. கூட்டுப் பட்டாக்காரர்கள் பாகப் பத்திரத்தை முதல் விண்ணப்பத்திலேயே இணைத்துவிடுங்கள். நேராக வி.ஏ.ஓ.விடம் போங்கள்.

அடுத்தது ஈ.பி. அட்டை. அது அப்போதும் ஐயா பெயரில்தான் இருந்தது. அவர் காலமாகிப் பதினாறு வருசம். போதாக்குறைக்கு அட்டையில் ஒரு இனிஷியல், பழைய பட்டாவில் இரண்டு. மானியப் பிரிவில் கோப்பை வாங்கியவர் புரட்டிக்கூடப் பார்க்காமல், “பெயர் மாற்றிட்டு வாங்க” என்று திருப்பிக் கொடுத்தார். பெயர் மாற்ற வாரிசுச் சான்று வேண்டும், மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். அத்தை புதுக்கோட்டையில். பெரியப்பா உயிரோடு இல்லை, அவர் மகன் சிங்கப்பூரில். அந்த அண்ணன் ஊர்த் திருவிழாவுக்கு வந்தபோது, தேருக்கு முந்தின நாள் நோட்டரியிடம் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்கினேன். பெயர் மாற்றி முடிப்பதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. கடலை காய்ந்தது. வாடகை எஞ்சின் வைத்து டீசல் ஊற்றி இறைத்தோம்.

எல்லாக் காகிதத்தையும் தூக்கிக்கொண்டு மறுபடி போனபோது அங்கிருந்த பொறியாளர் சொன்னதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. “வாரிசுச் சான்றும் சம்மதக் கடிதமுமே போதுமே தம்பி, பெயர் மாற்றம் முடியும்வரை ஏன் காத்திருந்தீங்க?” முதல் நாளே அந்த ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கள் கடலை பிழைத்திருக்கும். இதில் நான் கற்றுக்கொண்டது: கோப்பை வாங்குபவர் திருப்பிக் கொடுத்தால் எழுந்து வந்துவிடாதீர்கள். முடிவெடுக்கிற பொறியாளர் இருக்கும் நாளைக் கேட்டு, அன்றைக்குப் போய் நேரில் உட்காருங்கள்.

அனுமதி வந்த பிறகுதான் மோட்டார் வாங்க வேண்டும். இது முக்கியம். பயிர் காய்கிறதே என்று பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் முதலிலேயே வாங்கி மாட்டிவிட்டார், அவருக்கு மானியம் இல்லை. முழு விலையையும் நாம்தான் முதலில் கட்ட வேண்டும், மானியம் பின்னால் கணக்கில் வரும். எனக்கு 33,500 ரூபாய் பில். அதில் பாதி 16,750, ஆனால் கிடைத்தது உச்சவரம்பான 15,000.

கடையில் இன்னொரு சிக்கல். திட்டத்துக்கு நாலு ஸ்டாருக்குக் குறையக் கூடாது. இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் அடிப்படைத் திறனைவிட 15 சதவீதம் கூடுதலாக இருந்தால் நாலு ஸ்டார், 20 சதவீதம் தாண்டினால் அஞ்சு. 2001 எரிசக்திப் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டி வந்த எரிசக்தித் திறன் பணியகம் 2006-லிருந்து கொடுக்கும் முத்திரை இது. ஃப்ரிட்ஜில் பார்த்துப் பழகிய அதே ஸ்டார்தான். கடைக்காரர் பில்லில் நாலு ஸ்டார் என்று எழுதிவிட்டு, பெட்டியில் மூன்று ஸ்டார் வைத்திருந்தார். தெரிந்து செய்தாரா என்று நான் சொல்ல மாட்டேன். மோட்டாரின் தகட்டைத் துடைத்துப் பார்த்ததால் தெரிந்தது. மாற்றிக் கொடுத்தார். பில்லில் உள்ள மாடல் எண்ணும் தகட்டில் உள்ளதும் ஒன்றுதானா என்று கடையிலேயே நின்று பாருங்கள். ஆய்வுக்கு வருபவர் அதைத்தான் முதலில் பார்க்கிறார்.

ஸ்டாரைவிடப் பெரிய விஷயம் ஹெட், அதாவது மோட்டார் தண்ணீரை ஏற்ற வேண்டிய உயரம். எங்களுக்குக் கிணற்று ஆழமும் பைப் உரசலும் சேர்த்து 18 மீட்டர் வரும். “சேஃப்டிக்கு 30 மீட்டர் போட்டுக்குங்க” என்றார்கள். அப்படிப் போட்டால் மோட்டார் தன் அளவை விட்டு ஓடி ஆம்பியர் கூட இழுக்கும், அஞ்சு ஸ்டார் போட்டும் பலன் இருக்காது. கயிற்றில் கல்லைக் கட்டிக் கோடைத் தண்ணீர் மட்டத்தை அளந்துகொண்டு போங்கள்.

மோனோபிளாக்கை விட்டுவிட்டு, தண்ணீருக்குள் முங்கி ஓடும் ஓப்பன்வெல் மோட்டார் போட்டோம். உறிஞ்சு குழாயின் அடியில் மாட்டும் ஃபுட் வால்வு தொல்லை போனது. துரு ஏறிய இரண்டரை இஞ்ச் இரும்புக் குழாயை எடுத்துவிட்டு மூன்று இஞ்ச் பி.வி.சி. இறக்கினோம். இந்தக் குழாய்க்கு மானியம் கிடையாது. கொடுத்தால் நல்லது, ஏனென்றால் பாதி வீணடிப்பு குழாயில்தான்.

பழைய மோட்டார் எரிவதற்கு முன்பு ஒரு நாள், நீல நிற 200 லிட்டர் டிரம்மைத் தொட்டி ஓரம் வைத்து, நிரம்ப எத்தனை நொடி என்று கைபேசியில் எடுத்து வைத்திருந்தேன். 24 நொடி, கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஒன்பதரை ஆம்பியர். புதுசு மாட்டிய அன்று அதே டிரம், அதே இடம். தண்ணீர் விழுந்த வேகத்தில் டிரம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, அப்பா ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். 16 நொடி. ஆம்பியர் ஏழரை. மணிக்கு 30,000 லிட்டர் ஏறிய இடத்தில் 45,000. குறைந்த கரண்டில் ஒன்றரை மடங்கு தண்ணீர். அப்பா மீட்டரை வாங்கி இரண்டு தடவை பார்த்தார்.

ஆய்வுக்கு ஒரு மாதம் கழித்து வந்தார்கள். புது மோட்டாரோடு அப்பாவை நிறுத்திப் படம் எடுத்தார்கள், பழைய மோட்டார் எங்கே என்றும் கேட்டார்கள். நல்லவேளை, பழைய இரும்புக்குப் போடாமல் மோட்டார் ரூமிலேயே வைத்திருந்தேன். அதையும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

சித்தப்பா இப்போது தனக்கும் மாற்ற வேண்டும் என்கிறார். அவர் ஈ.பி. அட்டையும் ஐயா பெயரில்தான், பட்டாவும் அதே கூட்டுப் பட்டாதான். இந்தத் தடவை சான்றுக்கு முன்னாலேயே உட்பிரிவுக்கு மனு போட்டுவிட்டோம். திங்கட்கிழமை சர்வேயர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பாகப் பத்திரத்தில் நாலு நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.