கபாகாவின் சாலையில் சில நாட்கள்

2024 நவம்பர் 17, ஞாயிறு

வேலை விஷயமாகக் கம்பாலா வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்றுதான் மெங்கோ மலைக்குப் போக முடிந்தது. உகாண்டாவுக்குள் இருக்கும் புகாண்டா ராஜ்ஜியத்தின் சபை கூடும் புலாங்கே கட்டடத்திலிருந்து அரண்மனை வாசல் வரை அம்பு விட்டதுபோல் ஒரு சாலை. பெயர் கபாகாஞ்சகாலா, அதாவது 'கபாகா என்னை நேசிக்கிறார்'. கபாகா என்றால் அரசர். நடுவில் ஒரு ரவுண்டானா. நாமெல்லாம் சுற்றித்தான் போக வேண்டும். அதன் குறுக்கே உள்ள கதவு கபாகாவுக்கு மட்டும் திறக்கும். அவர் வளைந்து போகக் கூடாது.

நவம்பர் 19, செவ்வாய்

புகாண்டாவின் கபாகாவாக இருந்த இரண்டாம் முட்டேசா பிறந்து இன்றோடு நூறு வருடம். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. கேம்பிரிட்ஜில் படித்தவர், நாகரிகப் பிரியர். அவரை மக்களின் உயிராக்கியது பிரிட்டிஷ்காரர்கள்தான் என்பேன். 1953இல் உகாண்டாவைக் கென்யாவோடும் தாங்கன்யிகாவோடும் (இன்றைய தான்சானியாவின் பெரும்பகுதி) சேர்க்கும் பேச்சு லண்டனில் எழுந்தது. கென்யாவின் வெள்ளைக்காரப் பண்ணையார்களுக்குக் கீழே போய்விடுவோமோ என்று இங்கே பயம். கபாகா விட்டுக்கொடுக்கவில்லை. நவம்பர் 30 அன்று ஆளுநர் ஆண்ட்ரூ கோஹன் அவரை விமானத்தில் ஏற்றி நாடு கடத்தினார்.

கபாகா திரும்பும் வரை சவரம் செய்வதில்லை என்று தன் அப்பா தாடி வளர்த்ததாக எங்கள் வீட்டுக்காரப் பெரியவர் சொன்னார். 1955 அக்டோபர் 17 அன்று கபாகா திரும்பி வந்தார். அதைச் சொல்லும்போது பெரியவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

நவம்பர் 20, புதன்

மனதை அரிப்பது 1964. விடுதலைக்குப் பிறகு 1963இல் கபாகாவே உகாண்டாவின் ஜனாதிபதியும் ஆனார். புயாகா, புகங்காய்சி இரண்டும் பக்கத்து ராஜ்ஜியமான புன்யோரோவிடமிருந்து பிரிட்டிஷார் பிடுங்கிப் புகாண்டாவுக்குக் கொடுத்த மாவட்டங்கள். அங்கே வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் புன்யோரோவோடு போகிறோம் என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் ஜனாதிபதியாகக் கையெழுத்துப் போட வேண்டியவர், நிலத்தை இழக்கும் அரசரும்கூட. அவர் போடவில்லை. ஒரே மனிதரை இரண்டு நாற்காலியிலும் உட்கார வைத்தது பெரிய கொடுமை என்று எனக்குப் படுகிறது.

பிரதமர் ஒபோட்டேயுடன் பகை முற்றியது. 1966 மே 24, இதி அமீனின் படை அரண்மனையைத் தாக்கியது. கொட்டும் மழையில் கபாகா மதிலேறிக் குதித்துத் தப்பினார். காங்கோ, புருண்டி, அப்புறம் லண்டன். மறுவருடம் ராஜ்ஜியங்களையே ஒழித்துவிட்டார்கள்; 1993இல்தான் அவை திரும்ப வந்தன.

நவம்பர் 21, வியாழன்

1969இல் இதே நாளில், லண்டனில் ஒரு சின்னக் குடியிருப்பில் இறந்தார். நாற்பத்தைந்து வயது முடிந்து இரண்டே நாள். உடலை 1971இல் ஊருக்கு வரவழைத்தது, அரண்மனையைத் தாக்கிய அதே அமீன். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மாலை கசூபி கல்லறைக்குப் போய்விட்டு வந்தேன். 2010இல் எரிந்து, திரும்பக் கட்டிய பெரிய கூரைவீடு. நான்கு கபாகாக்கள் அங்கே. இரவு பெரியவரிடம், முட்டேசா இறந்த செய்தி வந்தபோது உங்களுக்கு என்ன வயது என்று கேட்டேன். மெல்லத் திருத்தினார்: "கபாகா இறப்பதில்லை. காட்டுக்குள் போய்விட்டார் என்றுதான் சொல்வோம்." பிறகு சொன்னார், அப்போது தனக்குப் பதினொன்று.